பங்குனிப் படத்தில் திறந்திருந்த கடப்பு

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில், குறிகட்டுவான் பஸ் காலை ஆறரைக்குப் புறப்படும் என்று பலகையில் எழுதியிருந்தது. சாரதி தேநீர் குடித்து முடிக்க ஏழாகிவிட்டது. எழுபத்தாறாம் ஆண்டு ஆவணி மாதத்து ஒரு திங்கட்கிழமை. என் மடியில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதை மேலே சாமான் தட்டில் போடச் சொன்னார் நடத்துநர். முடியாது என்றேன். கண்ணாடிச் சாமானோ என்று கேட்டார். கண்ணாடியும் இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் பெட்டிக்குள் நெடுந்தீவு இருந்தது.

வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, நிலத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வது என் உத்தியோகம். கொழும்பில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு, கால் வைக்காத ஊர்களின் குளங்களையும் காடுகளையும் பல வருடமாக எண்ணி வருகிறேன். விமானம் அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்து, இரட்டை வில்லை பூட்டிய ஒரு சிறு கண்ணாடியால் பார்த்தால், தட்டைத் தாள் எழும்பி நிற்கும். மரம் மரமாகவே தெரியும், மதில் மதிலாகவே தெரியும். சம்பளம் வாங்கிக்கொண்டு படம் பார்க்கிற மனுசன் என்று என் மனைவி அயலவர்களிடம் என்னை அறிமுகம் செய்வாள்.

இந்த முறை படத்தில் நான் தேடியது குதிரைகளை. போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் நெடுந்தீவில் வளர்த்துவிட்டுப் போன மட்டக்குதிரைகளின் வழிவந்தவை அவை. இப்போது யாருக்கும் சொந்தமில்லை. தீவின் தெற்கே மரமில்லாத புல்வெளியில் தாமாகத் திரிகின்றன. கோடையில் தண்ணீரில்லாமல் சாகின்றன என்று கொழும்புக்கு முறைப்பாடுகள் வந்து, அந்த வெளியையும் அங்கிருந்து தண்ணீருக்குப் போகும் வழியையும் குதிரைகளுக்கென்றே ஒதுக்கிவிடலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. வழி எது என்று சொல்லவேண்டியவன் நான்.

படத்தில் அது பிசகில்லாமல் தெரிந்தது. புல்வெளியில் குளம்புகள் தேய்த்த மெல்லிய வெள்ளைத் தடங்கள் நாலா பக்கத்திலுமிருந்து வந்து ஒன்றாகி, மூன்று மதில்களைத் தாண்டி, ஒரு வீட்டுக் கிணற்றடியில் முடிந்தன. அதன்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு கீறினேன். நேரில் நடந்து பார்த்து, கோடு சரி என்று நான் சொன்னால் ஒதுக்கீடு மேலிடத்துக்குப் போகும். குதிரைகளுக்குச் சட்டப்படி ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்கும். நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்ற செருக்கும் எனக்குக் கொஞ்சம் இருந்தது.

பண்ணைக் கடலைத் தாண்டி, மண்டைதீவுச் சந்தியில் மீன்கூடைகளோடு சில பெண்கள் இறங்கினார்கள். பிறகு அல்லைப்பிட்டி, வேலணை. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவே கடலுக்குள் போட்ட தெருவில் பஸ் ஊர்ந்தது. இருபக்கமும் தண்ணீர் கணுக்காலளவுதான். அதற்குள் நின்று ஒருவர் தன் பாட்டில் வலையை உதறிக்கொண்டிருந்தார். மடத்துவெளியில் ஏறிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் என் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்கள். குறிகட்டுவான் துறைக்கு வரும்போது ஒன்பது மணி. இவ்வளவு தூரத்துக்கும் பஸ் கட்டணம் ஒரு ரூபாய் சொச்சம்.

நெடுந்தீவு வள்ளம் பத்து மணிக்கு. நயினாதீவுக் கோபுரம் ஒருபக்கமாக விலகிப் போகும்வரை கடல் மரியாதையாக நடந்துகொண்டது. அதற்குப் பிறகு என் வயிறு என் சொல்லைக் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த ஒருவர் தன் குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்து, மடியிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்துத் தந்து மணந்து பார்க்கச் சொன்னார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெயர் நாகேசு. ஐப்பசியில் மகளுக்குக் கலியாணமாம், யாழ்ப்பாணத்தில் சட்டிபானை வாங்கிக்கொண்டு வருகிறார். மாப்பிள்ளை வீட்டார் எத்தனை கேள்வி கேட்டார்கள், சீதனக் காணிக்கு எந்த வில்லங்கமும் இல்லை என்று எத்தனை பேருக்குச் சத்தியம் செய்யவேண்டியிருந்தது என்றெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தச் சிரிப்பில் என் தலைசுற்று பாதி குறைந்தது.

பிறகு என் பெட்டியைப் பார்த்து, "நீர் அந்தப் படக்காரச் சேவையரோ, தம்பி?" என்றார்.

நில அளவைக்காரன் இல்லை, படத்தைப் பார்க்கிறவன் என்றேன். வித்தியாசம் அவருக்குப் பிடிபடவில்லை.

"மேலையிருந்து எடுத்த படத்திலை நடந்த தடம்கூடத் தெரியுமோ?"

தெரியும், ஆடு நடந்த தடம்கூடத் தெரியும் என்று சொன்னேன். அதில் எனக்கு ஒரு பெருமை. அதன்பிறகு அவர் அதிகம் பேசவில்லை. குடையை மட்டும் கரை சேரும்வரை என் தலைக்கு மேலே பிடித்திருந்தார்.

மாவிலித்துறையில் என்னை வரவேற்கக் கிராமசேவகர் வந்திருந்தார். பதவியின் பெயர் மாறிப் பல வருடமாகியும் ஊர் அவரை விதானையார் என்றுதான் கூப்பிடுகிறது. அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறார். பெட்டி அவருடைய சைக்கிளிலும், நான் பின்னால் இன்னொரு சைக்கிளிலுமாகப் போனோம். தெருவின் இருபக்கமும் மதில்கள். சாந்தும் சுண்ணாம்பும் இல்லாமல் வெறும் கடல் முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நெஞ்சளவுக்கு எழுப்பியவை. எங்கள் வலிகாமத்தில் கிடுகுவேலி. ஒவ்வொரு வருடமும் புதிதாக அடைக்கும்போது அது அயலான் பக்கம் ஒரு சாண் நடந்து போகும். நெடுந்தீவில் மதில் நடக்காது என்று விதானையாரிடம் பகிடியாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இங்கேயும் ஊர்காவற்றுறைக் கோட்டில் நெடுந்தீவு வழக்குகளுக்குக் குறைவில்லை என்றார்.

மத்தியானம் அவர் வீட்டில் மீன்குழம்பும் முருங்கைக்கீரையும். சாப்பிடும்போது, நான் வரப்போவதை ஒரு மாதத்துக்கு முன்பே கொழும்பிலிருந்து தமக்கு அறிவித்துவிட்டார்கள் என்றும், தாம் அதைக் கூட்டுறவுச் சங்கக் கடையிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் சொல்லி ஊர் முழுக்கப் பரப்பிவிட்டதாகவும் சொன்னார். குதிரை போகும் தடத்தைப் படத்தில் பார்த்து அரசாங்கம் எழுதப்போகிறது என்று சொன்னாராம். அவ்வளவு அக்கறையான உத்தியோகத்தரைக் கண்டதில் எனக்குச் சந்தோசமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் தெற்கு வெளிக்குப் போனோம். எங்கள் விமானம் மேகமில்லாத பங்குனியில்தான் பறக்கும். அந்தப் படத்தில் வெளியின் நடுவே மூன்று நான்கு குட்டைகள் பளபளவென்று இருந்தன. இப்போது அந்த இடங்களில் வெடித்த சேறுதான் இருந்தது. காலை எட்டுக்கே வெயில் சுட்டது. தூரத்தில் குதிரைகள் கூட்டமாக, ஒன்றின் நிழலில் மற்றது தலையை வைத்து நின்றன. விலா எலும்புகளை அங்கிருந்தே பார்க்க முடிந்தது. நாங்கள் கிட்டப் போனபோது ஓடவில்லை. நாலு எட்டு எடுத்து வைத்து மறுபடியும் நின்றுகொண்டன. காட்டுக்குதிரை ஓடாமல் நிற்பது நல்லதல்ல என்று எனக்கே தெரிந்தது.

தடங்கள் நிலத்திலும் இருந்தன. படத்தில் மயிரிழையாகத் தெரிந்தது, நேரில் கணுக்கால் ஆழத்துக்குத் தேய்ந்திருந்தது. எத்தனை தலைமுறை நடந்திருக்க வேண்டும். படத்தைக் கையில் பிடித்து, சிவப்புக் கோட்டின்மேல் நடப்பதாக நினைத்து வடக்கே நடந்தேன். கோடு சரியாக இருந்தது. வாயெல்லாம் பல்லாக நடந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

முதலாவது மதிலில் தடம் முட்டி நின்றது.

மதிலில் ஆளோ மாடோ போக விட்டிருக்கும் இடைவெளியை இங்கே கடப்பு என்பார்கள். அறுவடை முடிந்ததும் கல்லை இறக்கிக் கடப்பைத் திறந்துவிடுவார்கள். வயலில் அறுத்து விட்ட தாளைத் தின்ன மாடு வரும், தண்ணீருக்குக் குதிரை வரும். முதல் மழை விழுந்து விதைக்கும்போதுதான் திரும்ப அடைப்பார்கள். அதற்குள் குட்டைகள் நிரம்பிவிடுவதால் குதிரைகளுக்கும் கேடில்லை. ஊரின் வழக்கம் இதுதான் என்று விதானையார் நேற்றிரவு சொல்லியிருந்தார். மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஆனால் கடப்பு அடைபட்டிருந்தது. பழைய கற்கள் கறுத்துப் பாசி காய்ந்திருக்க, நடுவில் மட்டும் புதிதாக அடுக்கிய கற்கள் பல் போல வெள்ளையாக இருந்தன.

ஏறிக் குதித்து அடுத்த மதிலுக்குப் போனோம். அதுவும் அப்படியே. விதானையாரின் முகம் மாறிக்கொண்டு வந்தது. மூன்றாவது மதிலுக்கு வெளியே ஒரு பெட்டைக்குதிரை செத்துக் கிடந்தது. முன்னங்கால் இரண்டும் முழங்கால்வரை வெள்ளை. கழுத்து மதிலில் சாய்ந்திருந்தது. அடுக்கிய கல்லில் இரண்டு மூன்று கீழே சரிந்திருந்தன, நெஞ்சால் தள்ளிப் பார்த்திருக்கிறது. பக்கத்தில் ஒரு குட்டி. எங்களைக் கண்டதும் வெளிப்பக்கமாக ஓடி, தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தது. மதிலுக்கு உள்ளே எட்டிப் பார்த்தேன். கூப்பிடு தூரம்கூட இல்லை, தண்ணீர் அள்ளும் துலாவும் கிணறும் கல்தொட்டியும் தெரிந்தன. தொட்டியில் நிறையத் தண்ணீர் இருந்தது.

"சனம் பயந்திட்டுது, ஐயா," என்றார் விதானையார். "படத்திலை தடம் கண்டால் அதைப் பாதை எண்டு அரசாங்கம் எழுதிப்போடும் எண்டு கதைச்சவை. நான் உதைப் பெரிசா எடுக்கேல்லை."

எனக்கு அவர்மேலோ ஊரின்மேலோ கோபப்பட முடியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவன் காணிக்குள்ளால் நாலுபேர் பல வருடம் நடந்துவிட்டால், வழி எங்கள் உரிமை என்று வழக்குப் போடுவார்கள். வீட்டுக்குப் போகும் ஓர் ஒழுங்கைக்காக என் தகப்பனார் மல்லாகம் கோட்டுக்கு நடந்து செருப்புத் தேய்ந்தவர். அவர் உயிரோடு இருந்து, வானத்திலிருந்து படம் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தால், அன்றைக்கே வேலியை அடைத்திருப்பார். இந்தத் தீவில் மூன்று பேர் அதைத்தான் செய்திருந்தார்கள். குதிரைகளைக் காப்பாற்ற நாங்கள் வருகிறோம் என்ற செய்தி, எங்களுக்கு முன்னே வந்து குதிரைகளின் வழியை அடைத்துவிட்டது.

சுற்றிக்கொண்டு தெருப்படலையால் அந்த வீட்டுக்குப் போனோம். முற்றத்தில் புதுச் சட்டிபானைகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். வெளியே வந்தவர் நாகேசு. என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துவாயை எடுத்து மடித்தார், பிறகு விரித்தார். அவருடைய மனைவி பூமணி இரண்டு கதிரைகளைக் கொண்டுவந்து போட்டார். அந்த அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன.

பூமணி கேட்காமலே சொன்னார். அந்தக் குதிரைக்கு வெள்ளைக்காலி என்று அவர்தான் பேர் வைத்தாராம். ஒவ்வொரு கோடையிலும் அதுதான் முன்னால் வரும், மற்றவை அதன் பின்னால் வரும். கடப்பை அடைத்த பிறகும் அது தினமும் வந்து மதிலுக்கு வெளியே நின்றது. வாளியில் தண்ணீர் எடுத்து மதிலுக்கு மேலால் இறக்கிப் பார்த்தாராம். ஆள் கையைக் கண்டால் அது கிட்ட வராது, ஆள் போனபிறகு தொட்டியில்தான் குடிக்கும். வாளியை வெளியே வைத்துவிட்டு வந்தால் மாடுகள் குடித்துவிட்டுக் கவிழ்த்துவிடும். மூன்று நாளாகக் கத்திக்கொண்டிருந்தது, நேற்றுப் பின்னேரம் சத்தம் நின்றுவிட்டது என்றார்.

நாகேசுவிடம் திரும்பினேன். "அண்ணை, நீங்கள் வள்ளத்திலை ஒண்டும் சொல்லேல்லையே," என்றேன். யாழ்ப்பாணத்து மண்ணை மிதித்த நேரத்திலிருந்து என் பேச்சும் கொழும்பைக் கைவிட்டிருந்தது.

"என்னத்தைச் சொல்லுறது, தம்பி? உமக்கு அது ஒரு கோடு. எனக்கு அது என்ரை மகளுக்குச் சீதனமாக் குடுக்கிற காணி. வில்லங்கமில்லை எண்டு சத்தியம் பண்ணிப்போட்டன். அதுக்குள்ளாலை அரசாங்கப் பாதை போகுதெண்டால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் நாளைக்கே கலியாணத்தை நிப்பாட்டிப்போடுவினம்."

குதிரைத் தடம் ஆள்பாதை ஆகாது என்று ஒரு கடிதம் தர முடியுமா என்று கேட்டார். எனக்கு அந்த அதிகாரம் இல்லை. அப்படிச் சொல்ல அலுவலகத்தில் யாருக்கு அதிகாரம் என்றும் எனக்குத் தெரியாது. அதையே சொன்னேன். பேச்சு அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் படத்தைப் பார்க்கவேண்டும் என்றார். எந்தப் படம் தன்னை இப்படிப் பயப்படுத்தியது என்று பார்க்க நினைத்திருப்பார்.

குசினி வாசலில் ஒரு வாங்குப்பலகையின்மேல் இரண்டு படங்களையும் வைத்துக் கண்ணாடியைச் சரிசெய்து கொடுத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். பிறகு அவருடைய வாய் கொஞ்சம் திறந்தது. மதில் எழும்பி நிற்குது என்றார். தன் வீட்டுக்கூரையைக் கண்டுபிடித்தார், வேப்பமரத்தைக் கண்டுபிடித்தார். மூன்று வருடத்துக்கு முந்திய பங்குனி மாதத்து ஒரு காலை அது. கடப்பு திறந்திருந்தது. தொட்டியடியில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு நிழல். அவை குதிரைகள் என்று சொன்னேன். கிணற்றடியில் ஒரு நீளக் கோட்டைக் காட்டி, அது துலாவின் நிழல், துலா தாழ்ந்திருப்பதால் அந்த நேரம் யாரோ தண்ணீர் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னேன்.

நாகேசு கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "ஆர் அள்ளுறது?" என்றார்.

பூமணி முற்றத்திலிருந்தே சொன்னார். "ஆரெண்டு கேக்கிறியளே? விடியக் காலமை இறைச்சு ஊத்துறது நீங்கள்தானே. உங்கடை அப்பர் இருந்த காலத்திலையிருந்து நீங்கள்தானே."

அவர் எழும்பி மதிலடிக்குப் போனார். புதுக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே எறியத் தொடங்கினார். விதானையாரும் நானும் போய்க் கை கொடுத்தோம். கடப்பு திறந்ததும் வெள்ளைக்காலி கண்முன்னே கிடந்தது. நாகேசு துவாயை இடுப்பில் கட்டிக்கொண்டு அடுத்த மதில்காரரிடம் போனார். என்ன சொன்னாரோ தெரியாது, மத்தியானத்துக்குள் மற்ற இரண்டு கடப்புகளும் திறந்துவிட்டன. குதிரையைப் பக்கத்துப் பள்ளத்தில் மண்போட்டு மூடினோம். எனக்கு அழுகை வந்தது. விதானையார் பார்க்காத மாதிரி இருந்தார், அதற்கு நான் அவருக்கு நன்றியுள்ளவன்.

பின்னேரம் எல்லோரும் வீட்டுக்குள் ஒதுங்கி, தொட்டியை நிரப்பிவிட்டுக் காத்திருந்தோம். மதில் மறைவிலிருந்து பார்த்தபோது, குட்டி வெளியின் ஓரம்வரை வந்தது. தடத்தில் நாலு எட்டு நடந்தது. பிறகு தாய் கிடந்த இடத்தை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. மற்றவை அசையவேயில்லை. முன்னுக்கு வர ஒன்று இல்லையே என்றார் பூமணி. நாளைக்கு வரும் என்றார் நாகேசு. அன்று இருட்டும்வரை அவர் கிணற்றடியிலேயே இருந்தார்.

புதன்கிழமை காலை வள்ளத்துக்குப் புறப்படும்வரை எதுவும் வரவில்லை. நாகேசு துறைவரை வந்து, வாந்திக்கு என்று இரண்டு தேசிக்காய்களை என் சட்டைப்பையில் போட்டார். மகளின் கலியாணத்துக்கு வரச் சொன்னார். கடப்பைப்பற்றி நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

"இனி அடைக்கமாட்டன், தம்பி. அவை கலியாணத்தை நிப்பாட்டினால் நிப்பாட்டட்டும். நீர் எழுதும், வழி இருக்கெண்டு."

கொழும்புக்கு வந்து அப்படியே எழுதினேன். கோடு சரி, வழி இருக்கிறது, உடனே ஒதுக்கவேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதினேன். அது மூன்று வருடமாக மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தது. இடையில் விமானம் மறுபடியும் வடக்கே பறந்துவிட்டதால், புதிய படத்தைப் பார்த்தே முடிவெடுக்கலாம் என்று திருப்பி அனுப்பினார்கள். வழி இன்னும் பாவனையில் இருக்கிறதா, இல்லையா என்று ஒரே ஒரு கேள்வி.

அந்தப் படங்கள் போன கிழமை என் மேசைக்கு வந்தன. இதுவும் பங்குனிதான், மேகமில்லாத காலை. கண்ணாடியை வைத்ததும் மூன்று மதில்களும் எழும்பி நின்றன. மூன்று கடப்பும் திறந்திருந்தன, ஒரே நேர்கோட்டில். நாகேசுவின் வளவுக்குள் புதிதாக ஒரு சின்னக் கூரை முளைத்திருந்தது. மகள் வீடாகத்தான் இருக்கவேண்டும், கலியாணம் நடந்திருக்கிறது. அதைக் கண்டு மனம் ஆறியது.

தடத்தைத் தேடினேன். படத்தைத் திருப்பித் திருப்பி வைத்து, விளக்கைக் கிட்ட இழுத்துத் தேடினேன். தெற்கு வெளியில் புல் ஒரே சீராக இருந்தது. சில புள்ளிகள் மேற்குக் கரையோரமாக ஒதுங்கி நின்றன, முன்பு பார்த்ததில் பாதிகூட இல்லை. அவற்றிலிருந்து கடப்புப் பக்கமாக ஒரு கோடும் வரவில்லை. கேள்விக்கு இல்லை என்றுதான் பதில் எழுதவேண்டியிருந்தது, எழுதினேன்.

எழுதிய பிறகும் கண்ணாடியை எடுக்க மனம் வரவில்லை. கிணற்றடியை மறுபடி பார்த்தேன். துலா தாழ்ந்திருந்தது. தொட்டியைச் சுற்றி நிலம் கறுத்திருந்தது, படத்தில் அந்தக் கறுப்பு ஈரம். மனுசன் இன்னும் விடியக் காலையில் எழும்பி இறைத்து ஊற்றிக்கொண்டிருக்கிறார். தொட்டி வழிந்து நிலம் நனைந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.